சஸ்காட்செவன் ஊரக நகராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கனடாவின் புல்வெளி ஊர்களில் நிற்கும் வரலாற்றுப் பலகைகள் பலவும் ரயில் பாதையோடும் முதல் குடியேறியோடும் தொடங்குகின்றன. தங்கள் பராமரிப்பில் உள்ள சாலையோர நிலங்களில் வாழ்ந்த மேட்டி மக்களுக்கும், அதாவது பூர்வகுடியினருக்கும் ஐரோப்பியத் தோல் வணிகர்களுக்கும் வழித்தோன்றியவர்களுக்கும், அந்தப் பலகைகளில் இடம் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

சஸ்காட்செவனின் தலைநகர் ரெஜைனாவைச் சுற்றியுள்ள சமவெளி, பனியாறு உருகித் தேங்கிய பழைய ஏரியின் தரை. மழை பெய்தால் வண்டிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் களிமண் அதன் மிச்சம். தென்மேற்கே போகப் போக மழை குறைகிறது. 1857 முதல் 1860 வரை நடந்த ஆய்வுப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஜான் பாலிசர், அந்த வறண்ட பகுதி உழவுக்கு ஏற்றதல்ல என்றார். பிறகு மழை மிகுந்த ஆண்டுகளில் வந்த தாவரவியலாளர் ஜான் மக்கூன், ஏற்றதே என்றார். அரசுக்குப் பிடித்தது மக்கூனின் சொல். 1930களின் புழுதிப் புயல்களில் அல்லல்பட்டவர்கள் உழவர்கள்.

கிரீ, சால்ட்டோ, அசினிபோயின் என்ற பூர்வகுடி மக்களுடன் அரசு செய்துகொண்ட நான்காம் உடன்படிக்கை கையெழுத்தானது 1874இல். அதற்கு முன்பே, 1872ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறிகளுக்கு 10 டாலர் கட்டணத்திற்கு 160 ஏக்கர் தருவதாக அறிவித்துவிட்டது. நில அளவையர் புல்வெளியைச் சதுர மைல் கட்டங்களாக அறுத்து, இடையே 66 அடி அகலத்தில் சாலைக்கென நிலம் விட்டனர்.

மேட்டி மக்களோ, ஆற்றை முகப்பாகக் கொண்ட குறுகிய நீண்ட பட்டைகளில் பயிரிட்டு வந்தவர்கள். அந்த முறையைச் சதுரக் கட்டம் ஏற்கவில்லை. நிலத்திற்கு ஈடாகத் தரப்பட்ட சீட்டுகளில் பெரும்பாலானவை தரகர்களின் கைக்குப் போயின. 1885இல் பட்டோஷ் என்ற ஊரில் கனடா அரசின் படையிடம் தோற்ற பின், போக்கிடமற்ற குடும்பங்கள் பல அந்த 66 அடிச் சாலை நிலத்துக்குள் மரத்தாலும் மண்ணாலும் வீடு கட்டிக்கொண்டன. அவர்கள் நிலவரி செலுத்தவில்லை என்று காட்டிப் பல இடங்களில் அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். வயல்களில் கல் பொறுக்கியும், மருந்து வேர் தோண்டி விற்றும், குடியேறிகளின் வயல்களில் கூலி வேலை செய்தும் பிழைத்த இவர்களின் உழைப்பில்லாமல் அந்த வயல்கள் திருந்தியிருக்காது என்பதே என் உறுதியான கருத்து.

எனவே, தங்கள் எல்லைக்குள் எந்தெந்தச் சாலையோரங்களில் குடியிருப்புகள் இருந்தன என்பதை மேட்டி முதியவர்களிடம் நேரில் கேட்டு, வரைபடத்தில் குறியுங்கள். அவர்களின் ஒப்புதலுடன் அங்கே பெயர்ப்பலகை வையுங்கள். பயன்படாத சாலை நிலத்தைப் பக்கத்து விவசாயிக்குக் குத்தகைக்கு விடும் முன், அங்கே கல்லறையோ வீட்டு அடித்தளமோ உண்டா என்று பார்ப்பதையும் விதியாக்குங்கள்.

இப்படிக்கு,
புல்வெளி வரலாற்றில் அக்கறை கொண்ட ஒரு வாசகர்