குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சுதந்திர தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் கோலப் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குகளில் பெரும்பாலானவை எரிகின்றன.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, புதிய ரயில் நிலையத்தை ஒட்டி வாடகை வீடுகள் கேட்டு அரசுக்கு நாம் கொடுத்த மனு. 2023 டிசம்பர் 30 அன்று சென்னையின் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து ஊரப்பாக்கத்தில் வாடகை ஏறும் வேகம் வாடகைதாரர்கள் அறிந்ததே. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையில் புதிய ரயில் நிலையப் பணி இந்த ஆண்டிலும் முடியவில்லை. மனை விளம்பரங்களிலோ அது எப்போதோ திறந்தாகிவிட்டது. 'நிலையத்துக்கு நடந்தே போகலாம்' என்கிறார்கள். நடந்து போக வேண்டியவர்கள் முனையத்தைக் கூட்டுபவர்களும் அங்கே கடைகளில் நிற்பவர்களும். அவர்களோ வாடகை கட்டுப்படியாகாமல் இன்னும் தெற்கே, சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊருக்கும் அப்பால் வீடு தேடுகிறார்கள்.

சென்னைப் பெருநகரின் இரண்டாவது பெருந்திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் குடியிருப்பு எழுப்புவோர், அதில் 10 சதவீதத்தைக் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு ஒதுக்கி, 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளைக் கட்டவேண்டும் என்று அதன் விதி சொன்னது. அதே இடத்தில் முடியாவிட்டால் 2 கிலோமீட்டருக்குள் கட்டலாம். பிறகு, வீட்டுக்குப் பதில் கட்டணம் செலுத்தும் வழி வந்தது. அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கையாவது புதிய நிலையத்தை ஒட்டி வாடகை வீடுகள் கட்டச் செலவிடுங்கள் என்பதே நம் மனு. பெரும்பாக்கத்தில் ஏழைகளுக்காக அரசு வாரியம் கட்டிய வீடுகள் 20,000-க்கும் மேல் இருக்கின்றன. மின்சார ரயில் இல்லை. நகரிலிருந்து அங்கே குடியேற்றப்பட்டவர்கள் பழைய வேலைக்கு வந்துபோகப் படும் பாடு ஊரறிந்தது.

மனுவுடன் இணைத்த வரைபடத்தை நானே தயாரித்தேன். நிலையத்தை நடுவில் வைத்து, மகனின் காம்பஸால் 2 கிலோமீட்டர் வட்டம் போட்டு, காலி நிலங்களைப் பச்சைப் பென்சிலால் தீட்டினேன். ஏரிகளை விட்டுவிட்டேன், ஏரியில் வீடு கட்டுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மனு பரிசீலனையில் இருப்பதாக ஒரு வரிப் பதில் வந்தது. அதைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

கையெழுத்து வாங்கப் போனபோது, அண்மையில் அடுக்குமாடியில் வீடு வாங்கிய சில உறுப்பினர்கள் கதவைப் பாதி திறந்து, "வாரிய வீடு வந்தால் நம் இடத்து விலை என்னாவது?" என்று கேட்டார்கள். இதே சங்கத்தில் வாடகைதாரர்களாகச் சேர்ந்தவர்கள்தாம் இவர்கள். அவர்கள் வீட்டுச் சமையல்காரப் பெண் எந்த ரயிலில் வருகிறார் என்று கேட்டேன். பதில் இல்லை, சந்தாவும் இல்லை.

சந்தா மாதம் 50 ரூபாய். செயற்குழுக் கூட்டங்களுக்குத் தலைவர், பொருளாளர், நான் என்ற அளவில்தான் ஆள் சேர்ந்தது. வாடகை தாளாமல் ஊர் மாறிப் போன உறுப்பினர்களின் நிலுவையை நான் கேட்கப்போவதில்லை. கார் நிறுத்த இடம் வாங்கியவர்களிடம் கேட்பேன்.

வரவு செலவு திருப்திகரமாக உள்ளது; கையிருப்பு சிறிதளவு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அவருக்கும், நாற்காலி தந்து உதவியவர்களுக்கும், மகளிர் அணிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மனுவைத் தொடர்ந்து வலியுறுத்தவேண்டும். பிரதி எடுக்கவும் போய்வரவும் செலவுண்டு. செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் கோப்பை இன்றே ஒப்படைக்கிறேன். வராவிட்டால், ரசீதுப் புத்தகத்துடன் ஞாயிறு காலை உங்கள் வீட்டுக்கு வருவேன். அன்றாவது கதவை முழுதாகத் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்