நம்மூர்க்காரர்கள் எழுதியதை நாம் படித்திருக்கிறோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த புத்தகங்களையும் எழுத்தாளர்களையும் பற்றி எழுதும் பகுதியை நம் நாளிதழில் விடாமல் படித்துவருகிறேன். நன்றாகப் போகிறது, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஒரு குறை மனதில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் என்று ஊர்ப்பெயர் போட்டு வரும் கடிதங்களில்கூட நம் பக்கத்து எழுத்தாளர் பெயர் எப்போதாவதுதான் வருகிறது. கண்ணதாசன் வருவார், அதுவும் பெரும்பாலும் பாட்டுக்காக. மற்றபடி எல்லா ஊர்க்காரர்களும் சொல்கிற அதே நாலைந்து சரித்திர நாவல்கள்தான். அவை நல்ல புத்தகங்கள், நானும் ரசித்துப் படித்தவள், அதில் சண்டை இல்லை. நம் மண்ணில் பிறந்து எழுதியவர்களை நாமே சொல்லாவிட்டால் திருநெல்வேலிக்காரரா வந்து சொல்வார்? அதனால் என் விருப்பப் பட்டியலை நம்மூர்க்காரர்களை வைத்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோட்டையூர் ஏ.கே. செட்டியார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று சொன்னால் பெரியவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்கு அதுவும் தெரியவில்லை. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோகிராபி படித்தவர். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றுகிறது. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கப்புறம் யார் யாரிடம் காந்தியின் துண்டுப்படம் இருக்கிறதோ அவர்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940-ல் படத்தை வெளியே கொண்டுவந்தேவிட்டார். அந்தக் கதையை அவரே எழுதியதுதான் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. முதலில் இதைப் படியுங்கள் என்பேன். இவ்வளவு பெரிய காரியம் செய்தவர் தன்னைப் பற்றி ஒரு வரி கூடுதலாகச் சொல்லமாட்டார். சின்னச் சின்ன வாக்கியம், பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்கு அந்த அடக்கம் ரொம்பப் பிடிக்கும். பயணக் கட்டுரை என்றால் சாப்பிட்டதையும் தங்கியதையும் பத்தி பத்தியாக எழுதுகிற இந்தக் காலத்தில் அவர் எழுத்து குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

அவர் நடத்திய 'குமரி மலர்' இன்னொரு புதையல். 1943-ல் தொடங்கிய பத்திரிகை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கட்டுரைகளையெல்லாம் தேடி எடுத்து அதில் மறுபடி போட்டார். மாட்டுவண்டியில் காசிக்குப் போன காலத்துத் தமிழர்கள் எப்படி எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அவர் தொகுத்த பழைய பயணக் கட்டுரைத் தொகுதிகளையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து ப. சிங்காரம். எனக்கு எல்லாரிலும் முதலிடம் இவருக்குத்தான். சிங்கம்புணரிக்காரர், 1920-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே இந்தோனேசியாவில் மைடானுக்கு வேலைக்குப் போய், யுத்தத்தையெல்லாம் அங்கே பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தார். எழுதியது ரெண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' 1959-ல் வந்தது, 'புயலிலே ஒரு தோணி' 1972-ல். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் செய்ய, போன ஆண்கள் அக்கரையில் என்னதான் செய்தார்கள் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு ஒருகாலமும் சரியாகத் தெரிந்ததில்லை. கடிதாசியும் பணமும் வரும், அவ்வளவுதான். அந்த மறுபக்கத்தை முழுசாகக் காட்டியவர் சிங்காரம். வட்டிக்கடையின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், ஜப்பான்காரன் உள்ளே வந்த நாள், சுபாஷ் பாபுவின் பட்டாளம், செல்லாத காசாகப் போன நோட்டுகள் என்று ஒவ்வொன்றும் கண்முன்னே நடக்கும். 'புயலிலே ஒரு தோணி'யின் நாயகன் பாண்டியன் மைடானில் உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களையும் பிறந்த ஊர்ச் சந்தையையும் நினைத்து நினைத்து மாய்வானே, அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சிலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் முதலில் 'கடலுக்கு அப்பால்' எடுங்கள். வட்டிக்கடை முதலாளியின் மகள் மரகதத்தைக் கட்டிக்கொள்ள வேண்டிய செல்லையா, பட்டாளத்துக்குப் போய்வந்தவன் என்பதாலேயே முதலாளிக்கு வேண்டாதவனாகிவிடுகிறான். நேர்க்கோட்டில் போகிற கதை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அப்புறம் தோணியில் ஏறுங்கள்.

எங்கள் தெருவில் சில பெண்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது என்று வைத்திருக்கிறோம். கண் மங்கிய பெரிய ஆச்சிகளும் வருவார்கள். 'கடலுக்கு அப்பால்' வாசித்தபோது, எண்பது தாண்டிய ஓர் ஆச்சி, பாக்கு வெட்டிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு, "எங்க அப்பச்சி பினாங்கிலேருந்து வந்தா இந்த மாதிரிதான் பேசுவாக, எங்களுக்கு ஒரு வார்த்தை விளங்காது" என்றார்கள். அதற்கப்புறம் அன்றைக்கு வாசிப்பு நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். யார் எந்த வருஷம் போனார்கள், யார் திரும்பவே இல்லை, பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் யார் என்று சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை பேச்சு ஓடியது.

அந்தப் பேச்சுதான் என்னை ஒக்கூர் மாசாத்தியாரிடம் கொண்டுபோய் விட்டது. ஒக்கூர் நமக்குப் பஸ் போகிற தூரம். சங்க இலக்கியத்தில் அந்த அம்மையாருக்கு எட்டே பாட்டு: குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று. முன்னொரு நாள் போரில் தமையனையும் நேற்றைய போரில் கணவனையும் பறிகொடுத்தவள், இன்றைக்கு ஒரே பையனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்புகிற புறநானூற்றுப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நான் சொல்வது அதை அல்ல. குறுந்தொகை 275-ஐ எடுத்துப் பாருங்கள். சாயங்கால நேரம். மணிச் சத்தம் கேட்கிறது. மேய்ந்துவிட்டு ஊர் திரும்பும் மாட்டின் மணியா, போன வேலையை முடித்துவிட்டு வருகிற அவருடைய தேர்மணியா? வா தோழி, முல்லை படர்ந்த பாறைமேல் ஏறிப் பார்த்துவிட்டு வருவோம் என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. இதை வளவில் வாசித்து அர்த்தம் சொன்னபோது யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்தே வயசைக் கழித்த ஆயாக்கள், அப்பத்தாக்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. புலவர்களுக்குத்தான் சங்கப் பாட்டு என்று ஒதுங்கியிருப்பவர்கள் இந்த எட்டுப் பாட்டில் தொடங்கலாம்.

கண்ணதாசனைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல, சிறுகூடல்பட்டியையும் காரைக்குடியில் சுவீகாரம் வந்த கதையையும் எல்லாரும் அறிவார்கள். 'சேரமான் காதலி'க்கு 1980-ல் சாகித்திய அகாதமி பரிசு வந்தது. ஆனாலும் நான் கையில் கொடுப்பது 'வனவாசம்'தான். தன் கதையை 'அவன்' என்று வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல எழுதியிருக்கிறார். பூசி மெழுகாமல் எழுதுவது என்றால் இதுதான். வயது வந்த பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

எங்கள் கண்டனூர் அரு. ராமநாதனைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'வீரபாண்டியன் மனைவி' என்ற ஒரு நாவல் போதும். சோழ நாடும் பாண்டிய நாடும் மோதிய மூன்றாம் குலோத்துங்கன் காலம். அதில் ஜனநாதன் என்று ஒருவன் வருகிறான். வாளை எடுப்பதைவிட வாயைத் திறப்பதுதான் அவனுடைய பெரிய ஆயுதம். நல்லவனா கெட்டவனா என்று கடைசிவரை நம்மை யோசிக்கவைப்பான். அரசியல் பேச்சு இவ்வளவு கூர்மையாக வரும் சரித்திர நாவல் தமிழில் குறைவு என்பது என் அபிப்பிராயம். மற்ற சரித்திர நாவல்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகர்கள் இதையும் ஒரு தடவை படித்துவிட்டு எனக்குப் பதில் எழுதட்டும்.

பேரன் பேத்திகளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, ராயவரம் அழ. வள்ளியப்பா. இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. 'மலரும் உள்ளம்' வீட்டில் இருந்தால் பிள்ளை தானாகவே தமிழ் பேசும். அதே ராயவரத்துக்காரர்தான் 'சக்தி' பத்திரிகையும் பதிப்பகமும் நடத்திய வை. கோவிந்தன். அவர் எழுத்தாளர் என்பதைவிடப் பதிப்பாளர். பாரதியார் கவிதைகளை 1957-ல் ஒன்றரை ரூபாய்க்குப் போட்டு ஏழை வீடுகளுக்குள் கொண்டுபோனவர். ஒரே சின்ன ஊரில் இப்படி ரெண்டு பேர். வள்ளியப்பா முதலில் வேலை பார்த்ததும் சக்தி அலுவலகத்தில்தான். நெற்குப்பை சோமலெ மாவட்டம் மாவட்டமாக எழுதிய நூல்களையும் சொல்லியாக வேண்டும். தகவல் களஞ்சியம். கல்லூரிப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டியவை.

சரி, இந்தப் புத்தகங்களெல்லாம் எங்கே கிடைக்கும்? சில இன்றைக்கும் கடையில் இருக்கின்றன. சில தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கலாம், தேடிப் பாருங்கள். ஆனால் பழைய பதிப்புகளும் பத்திரிகைகளும் பெரும்பாலும் நம் வீடுகளுக்குள்ளேயே கிடக்கின்றன என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பதோடு சரி. புத்தக அலமாரி யாருடைய பங்கு என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் தொடுவதில்லை. கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. வீட்டை உடைக்கும் நாள் வந்தால், தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் விலை பேச ஆள் வருகிறது, எனாமல் தூக்குச் சட்டி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது, புத்தகம் மட்டும் எடைக்குப் போகிறது. அப்படி ஒரு வீட்டு வாசலில், சணல் கயிறு கட்டி லாரிக்குக் காத்திருந்த கட்டிலிருந்து 'சக்தி' இதழ்களைச் சேர்த்து பைண்ட் செய்த ஒரு தொகுதியை நான் கேட்டு வாங்கிவந்தேன். முதல் பக்கத்தில் ஊதா மையில் அந்த வீட்டு விலாசம், அதாவது குடும்பப் பெயர்களின் முன்னெழுத்துகள், கீழே 'படித்துவிட்டுத் திருப்பித் தரவும்' என்று ஒரு வரி. எத்தனை கை மாறியிருக்கும், ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மற்ற கட்டுகள் போய்விட்டன. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஏ.கே. செட்டியாரின் அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். கையில் கிடைத்த காசுக்கெல்லாம் பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் ஒதுக்காமல் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-ல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. இன்றைக்கு எந்த நாட்டிலிருந்து தமிழ் ஆராய்ச்சிக்கு வந்தாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒரு தனி மனிதர் செய்த வேலை அது. அவ்வளவு நம்மால் முடியாது, சரி. நம் வீட்டு அலமாரியை ஒரு நாள் திறந்து வெயில் காட்டலாம் அல்லவா.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. வாசகர் விருப்பப் பகுதியில், பிடித்த புத்தகத்தின் பெயரோடு, 'இது என்னிடம் இருக்கிறது, இரவல் தருவேன்' அல்லது 'இங்கே வந்து படிக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முகவரியை அச்சிட வேண்டாம், கேட்கிறவர்கள் உங்கள் அலுவலகம் வழியாகக் கேட்டுக்கொள்ளட்டும். காரைக்குடிப் புத்தகத் திருவிழா நடத்துகிறவர்களும் நம் பகுதி எழுத்தாளர்களுக்கென்று தனியாக ஒரு மேசை போட்டால் நன்றாக இருக்கும்.

நான் முதல் ஆளாகத் தொடங்குகிறேன். சிங்காரத்தின் இரண்டு நாவல்களும், 'வீரபாண்டியன் மனைவி'யும், மேலே சொன்ன சக்தி தொகுதியும் என்னிடம் இருக்கின்றன. நாவல்களை இரவல் தருகிறேன். சக்தியின் தாள் நொறுங்குகிற நிலையில் இருப்பதால் வீட்டுக்கு வந்துதான் படிக்க வேண்டும், மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் காப்பியும் உண்டு. பதிலுக்கு, யார் வீட்டிலாவது 'குமரி மலர்' பழைய இதழ்கள் இருந்தால் சொல்லுங்கள். எடுத்துப் போகமாட்டேன், அந்த வீட்டு முகப்பிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்டனூர்.