சென்சாரை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பானட்டைத் திறந்துவிட்டால் மட்டும் அந்த வலி எங்கே போகிறதோ என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். சரி, உன் வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று சென்சாருக்கு ஒரே நேரத்தில் எரர் கோடு வந்திருக்கிறது, ஒர்க்ஷாப்பில் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு எதையும் மாற்றாதே. வீட்டில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை என்றால் குழாய்களையா மாற்றுவோம், மேலே ஏறித் தொட்டியைப் பார்க்க மாட்டோமா? இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பெரும்பாலும் பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் சப்ளையைத்தான் பகிர்ந்து கொடுக்கிறது. அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலோ, வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டாலோ அந்த 5 வோல்ட் விழுந்துவிடும். அப்போது நல்ல சென்சார்களும் சேர்ந்து கெட்டது போலக் காட்டும். மீட்டரை அந்த வயரில் வைத்துக்கொண்டு கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதிலேதான் கோளாறு. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் திரும்பவில்லையா, வயரிங்கைத் துருவ வேண்டியதுதான்.

நீ அனுப்பிய பட்டியலில் பி0113 என்ற கோடு இருக்கிறது. உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்பதுதான் அதற்கு அர்த்தம். சென்சார் போய்விட்டது என்று அது சொல்லவே இல்லை. கனெக்டர் கழன்று கிடந்தாலும் இதே கோடுதான் வரும். அந்தக் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு பின்களையும் சின்ன வயரால் இணைத்துவிட்டு, கோடுகளைப் படிக்கிற ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார். மைனஸ் 40 டிகிரி அளவில் நின்றது சட்டென்று உச்சிக்கு ஏறினால் வயரும் இசியூவும் நன்றாக இருக்கின்றன, சென்சாரைத் தாராளமாக மாற்றலாம். இது இரண்டு வயர் உள்ள வெப்பநிலை சென்சாருக்கு மட்டும். மூன்று வயர் உள்ளதில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் பேட்டரியைப் பார்த்தார்களா? வண்டி ஓய்ந்து நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. ஓடும்போது ஏறக்குறைய 14. பேட்டரி தளர்ந்தால் சம்பந்தமே இல்லாத கோடுகள் கொத்தாக வரும். யு என்று தொடங்குபவை, அதாவது வண்டியில் உள்ள ஒரு மாட்யூல் (சின்னக் கம்ப்யூட்டர்) இன்னொன்றோடு பேச முடியவில்லை என்பவை, அதில் அடிக்கடி இருக்கும்.

அப்புறம் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கிற வயர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது) வைத்து, பீப் அடித்தது, எர்த் சரி என்று சொல்லிவிடுவார்கள். உள்ளே எல்லா இழையும் அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் அது பீப் அடிக்கும்! கரண்ட் ஓடும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் இடையே, பிறகு நெகட்டிவுக்கும் பாடிக்கும் இடையே வோல்டேஜை அளக்கச் சொல். 0.1 அளவில் இருந்தால் கவலையில்லை. 0.2ஐத் தாண்டினால் அந்த எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும். செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, யாருக்கும் இது முதலில் தோன்றுவதில்லை.

இன்னொன்று, கோடுகளை அவசரப்பட்டு அழிக்கவிடாதே. கோடு விழுந்த நொடியில் வேகம், சூடு, இன்ஜின் சுற்று எல்லாம் என்னவாக இருந்தன என்று ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன். கூடவே பேத்தி நடக்கிற படம் ஒன்றும் வேண்டும், வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
சேகர்