பின்வளவுக் கொட்டிலைப் பற்றி மகளுக்கு

ஸ்காபரோ,
ஐப்பசி, 2025

அன்பு மகளுக்கு,

பீற்றர்பரோவில் நீங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் நிற்கும் மரக் கொட்டிலைக் கஞ்சாச் செடி வளர்க்கும் அறையாக மாற்றலாமா என்று கேட்டு நீ அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். மாற்றலாம். ஆனால் விளக்கைப் பற்றியும் செடியின் இனத்தைப் பற்றியும் அவ்வளவு எழுதிய நீ, அந்த அறைக்குள் ஊற்றப்போகும் தண்ணீர் பிறகு எங்கே போகும் என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. குளிரூட்டலும் வெப்பமூட்டலுமே இந்த நாட்டில் என் தொழிலாக இருந்ததால், இந்தக் கடிதம் பெரும்பாலும் அந்தத் தண்ணீரைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஒக்ரோபர் 17 முதல் நடைமுறையில் உள்ள கனடாவின் கூட்டாட்சிச் சட்டம் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகளை அனுமதிக்கிறது. நீயும் மருமகனும் இருவர் என்பதற்காக அது எட்டாகாது. வீட்டோடு சேர்ந்த காணியில் உள்ள கட்டடத்தையும் அந்தச் சட்டம் வீட்டின் பகுதியாகவே கொள்வதால், கொட்டிலில் வளர்ப்பதில் தவறில்லை. வீட்டுக்குள் தனியாக இன்னும் நான்கு வைப்பதற்கும் இடமில்லை. விதையைச் சட்டப்படி விற்கும் கடையில் மட்டுமே வாங்கு. மொன்றியலில் இருக்கும் தம்பி உன்னைப் பார்த்து ஆசைப்படாதபடி அவனிடமும் சொல்லிவை: கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்திருக்கிறது, அந்தத் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2023இல் தீர்ப்பளித்துவிட்டது. யாழ்ப்பாணம் போகும்போது பயணப் பையில் ஒரு விதைகூட இருக்கக் கூடாது. கனடாவின் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவதே குற்றம், அங்கே அதை வைத்திருப்பதும் குற்றம்.

இனித் தண்ணீர். செடி உறிஞ்சும் நீரில் மிகச் சிறிய பங்கே அதன் உடலில் தங்குகிறது; மற்றதெல்லாம் இலை வழியாக ஆவியாகி அறைக் காற்றில் கலக்கிறது. நான்கு பெரிய செடிகளுக்கு நாளொன்றுக்கு எட்டு லீற்றர் ஊற்றினால், ஏறக்குறைய எட்டு லீற்றரும் காற்றுக்குத்தான் வரும். அறை 25 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் இருக்குமானால், 17 பாகைக்குக் குறைந்த எந்தப் பரப்பிலும் அந்த ஈரம் வியர்த்துவிடும். மாசி மாதத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகை இருக்கும்போது, பலகையை ஊடுருவி நிற்கும் ஓர் ஆணியின் முனைகூட 17 பாகைக்கு மிகக் கீழே இருக்கும். சுவருக்குள் புகுந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் மரத்தை உக்க வைக்கும். அறைக்குள் தங்கிய ஈரம் பூ முற்றும் நேரத்தில் சாம்பல் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். அது பூவின் உள்ளிருந்து தொடங்குவதால், நீ காணும்போது காலம் கடந்திருக்கும்.

ஆகவே கொட்டில் முழுவதையும் சூடாக்க முயலாதே. நான்கு செடிகளுக்கு அது மிதமிஞ்சிய இடம். அதற்குள்ளே எட்டடிக்கு எட்டடி அளவில், வெளிச்சுவரைத் தொடாமல், ஓர் உள்ளறை கட்டு. கொட்டில் மழையையும் காற்றையும் தாங்கட்டும், இரண்டுக்கும் இடையில் காற்று உலவட்டும். உள்ளறையின் நான்கு சுவர்களுக்கும் கூரைக்கும் தரைக்கும் வெப்பக் காப்பு வேண்டும். நீராவியை மறிக்கும் பொலித்தீன் விரிப்பு, காப்பின் சூடான பக்கத்தில், அதாவது செடியிருக்கும் பக்கத்தில், மூட்டுகள் எல்லாம் ஒட்டப்பட்டு இருக்க வேண்டும். நுரைப் பலகை பயன்படுத்தினால் அதைத் திறந்தபடி விடாதே; அது தீப்பற்றினால் நச்சுப் புகை விடும். அதன்மேல் தீயைத் தாங்கும் பலகை அடித்து, கழுவித் துடைக்கக்கூடிய வெள்ளைப் பூச்சுப் பூச வேண்டும்.

ஈரம் மிகவும் ஆபத்தாவது விளக்கு எரியும்போதல்ல, அணைந்த பிறகு. வெப்பம் இறங்கும், காற்றிலுள்ள நீர் அப்படியே இருக்க, ஈரப்பதம் மளமளவென்று ஏறும். செடி பூப்பதற்கு நாளுக்கு 12 மணி நேரம் இடைவிடாத இருட்டு வேண்டும் என்பதால் இது தினமும் நடக்கும். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை விளக்கை எரியவிடு. உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் நேரக் கட்டண முறையில் மின்சாரம் மலிவாக இருப்பதும் அந்த நேரத்தில்தான், கடுங்குளிரில் விளக்கின் சூடு உதவுவதும் அந்த நேரத்தில்தான். பகல் இருட்டுக்கு ஈரமகற்றும் இயந்திரம் தனியாக வேண்டும். பெரிய குளிரூட்டியை வாங்கினால் அதுவே ஈரத்தையும் எடுத்துவிடும் என்று கடையில் சொல்வார்கள். அதை நம்பாதே, 480 வாட் விளக்கொன்று தரும் சூடு அதற்குப் போதாமல் அது அடிக்கடி நின்று நின்று ஓடும், ஈரம் அப்படியே கிடக்கும். இயந்திரம் சேர்க்கும் நீரை வெளியே குழாய் வைத்து விடாதே, தைமாதம் உறைந்துவிடும். உள்ளே மூடியுள்ள வாளியில் பிடி. புரொப்பேன் அடுப்பை ஒருபோதும் உள்ளே கொண்டுபோகாதே. அது எரியும்போது நீராவியும் வரும், உயிரைக் கொல்லும் காபன் மொனொக்சைட்டும் வரக்கூடும்.

படத்தில் வீட்டிலிருந்து கொட்டிலுக்கு இழுத்திருந்த செம்மஞ்சள் வயரைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. 15 அம்பியர் இணைப்பொன்றில் தொடர்ந்து 1,440 வாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு சிறிய வெப்பமூட்டி மட்டுமே 1,500 வாட் இழுக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு நிலத்தடிக் கேபிளும் கொட்டிலுக்கென்று தனி மின்பலகையும் போட்டு, மாகாண மின்பாதுகாப்பு ஆணையத்தின் பரிசோதனைக்கும் விடு. கட்டட அனுமதி வேண்டுமா என்று நகரசபையிடமும், காப்புறுதி தொடருமா என்று காப்புறுதி நிறுவனத்திடமும் வேலை தொடங்குமுன் எழுத்தில் கேள். மறைத்துச் செய்த வேலைக்கு, தீப்பிடித்த பிறகு எவரும் பணம் தரமாட்டார்கள்.

இந்தச் செடியைப் பற்றி எனக்கு என்ன மனநிலை என்றும் கேட்டிருந்தாய். பயந்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நீ வளர்ந்தவள், சட்டத்துக்குள் நின்று, என்னிடம் மறைக்காமல் கேட்கிறாய். அது எனக்குப் பெரிய ஆறுதல். பேரன் எதையும் வாயில் வைக்கும் வயதில் இருப்பதால் கதவுக்குப் பூட்டும், அந்தச் சாவிக்கு அவன் எட்டாத இடமும் வேண்டும். அயலவருக்கு மணம் போகாதபடி வெளியேறும் காற்றுக்குக் கரி வடிகட்டி பொருத்து.

கேபிளுக்கான குழியை நிலம் உறையுமுன் வெட்ட வேண்டும் என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் மின்பணியாளரை அழை. அவர் வரும் நாளைச் சொன்னால் நானும் அம்மாவும் முதல்நாளே வந்துவிடுகிறோம். பொலித்தீன் விரிப்பின் மூட்டுகளை நானே ஒட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா