சுமைப் படகுக்கு எந்த விசிறி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு படகுகளுக்கு வெளிப்பொருத்து எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் குதிரைத்திறன், எடை, எரிபொருள் செலவு என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் இருந்தது. தண்ணீரில் சுழன்று படகைத் தள்ளும் விசிறிக்கு (புரொபெல்லர்) மட்டும் ஒரே ஒரு வரி: எஞ்சினோடு வருவதே போதும் என்று. தனியாளாகப் படகில் சுற்றி வருகிறவருக்கு அது போதும்தான். ஆட்களையும் மூட்டைகளையும் விளிம்புவரை ஏற்றிக்கொண்டு போகிறவர் அந்த வரியை நம்பினால், கொஞ்ச நாளில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு என்னிடமோ என்னைப் போன்ற இன்னொருவரிடமோ வருவார். பழுதான எஞ்சின்களைப் பிரித்துப் பார்ப்பது என் தொழில். அதனால்தான் இந்தக் கடிதம்.

விசிறியின் நடுக்குடத்திலோ இதழிலோ 9¼ × 11 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. தண்ணீர் சற்றும் நழுவாமல் பிடிகொடுத்தால் ஒரு முழுச் சுற்றில் விசிறி எவ்வளவு தூரம் முன்னேறுமோ, அதுதான் பிட்ச். உண்மையில் தண்ணீர் நழுவத்தான் செய்யும். இலேசான படகு நீர்மட்டத்தின் மேல் எழும்பி ஓடும்போது இந்த நழுவல் 10 முதல் 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பாரம் ஏற்றிய படகு முகப்பைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும்போது அது 50 சதவீதத்தையும் தாண்டும்.

எஞ்சினோடு வரும் விசிறி, யாருடைய படகு, என்ன பாரம் என்று தெரியாமல் தயாரிப்பாளர் ஊகித்துக் கொடுக்கும் நடுத்தர அளவு. அதற்கும் மேலே, விற்கிறவர் காலிப் படகில் வேகம் காட்டி விற்பதற்கு வசதியாகப் பிட்ச் கூடிய விசிறி மாட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். காலிப் படகில் காட்டும் வேகத்தால் சுமை ஏற்றுகிறவருக்கு என்ன பயன்?

அண்மையில் என்னிடம் வந்த ஒரு படகைப் பற்றிச் சொல்கிறேன். 16 அடி நீளம், தட்டையான அடிப்பாகம், 20 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், மூன்று பேரும் சாமான்களும். காலியாக இருந்தால் நன்றாக ஓடுகிறது, பாரம் ஏற்றினால் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போக மறுக்கிறது என்பது உரிமையாளரின் புகார். 30 குதிரைத்திறனுக்கு மாறலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும், பிளக் வயரில் கம்பி சுற்றிப் பொருத்தும் சிறிய டேக்கோமீட்டர் ஒன்றை மாட்டி, முழுப் பாரத்தோடு கிளம்பச் சொன்னேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுதாகத் திறந்தும் முள் 4500க்கு மேல் ஏறவில்லை. அந்த எஞ்சினுக்குக் கையேட்டில் அச்சிட்டிருந்த எல்லை 5000 முதல் 6000 வரை.

கணக்குப் போட்டால் விஷயம் வெளிச்சமாகிவிடும். கியர் விகிதம் 2.08. எஞ்சின் 4500 சுற்றினால் விசிறி ஏறத்தாழ 2160 சுற்றும். அதில் இருந்த 11 அங்குலப் பிட்ச் விசிறி அந்தச் சுற்றில், நழுவல் இல்லாவிட்டால், மணிக்கு 36 கிலோமீட்டர் போக வேண்டும். படகோ 12 போகிறது. மேட்டில் ஏறும் லாரியை மேல் கியரிலேயே ஓட்டுவது போன்ற வேலை இது. பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் சுற்று சுமார் 150 முதல் 200 வரை கூடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. அதன்படி 8 அங்குலப் பிட்ச் விசிறியை மாட்டினோம். முதலில் 5000ஐ ஒட்டி வந்தது. அந்தச் சுற்றில் கிடைத்த வலுவில் படகு தன் முன்னலையைத் தாண்டி மேலே எழும்பியது. எழும்பியதும் தண்ணீரின் இழுவை குறைந்து முள் 5400இல் நின்றது. வேகம் 24 கிலோமீட்டர். எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூட நான் தொடவில்லை. 30 குதிரைத்திறன் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

வேகம் கிடைக்காததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எஞ்சின் கெடுவதுதான் பெரிய நட்டம். திராட்டில் முழுதாகத் திறந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் முழு அளவில் நுழைகின்றன. விசிறியோ பாரம் தாங்காமல் சுற்ற மறுக்கிறது. பிஸ்டன் மெதுவாக நகர, உள்ளே அழுத்தமும் சூடும் ஏறிக்கொண்டே போய், கலவை உரிய நேரத்தில் சீராக எரியாமல் வெடிக்கத் தொடங்குகிறது. காரில் இப்படி நடந்தால் டக்டக்கென்ற சத்தம் காதில் விழும். திறந்த படகில் எஞ்சின் இரைச்சலும் அலைச் சத்தமும் அதை விழுங்கிவிடுகின்றன. ஓட்டுகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. பிஸ்டன் தலையில் கரி தடித்துப் படிந்து, வளையங்கள் காடியிலேயே ஒட்டிக்கொண்டு, ஓரம் உருகித் தின்னப்பட்ட நிலையில் பிஸ்டன் என் மேசைக்கு வரும்போது, பெட்ரோல் சரியில்லை, ஆயில் சரியில்லை என்று காரணம் தேடுவார்கள். விசிறியில் என்ன எண் பொறித்திருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

சுற்று கூடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் அது சரியாகவே தோன்றும். படகுக்காரர் பார்க்க வேண்டியது ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதை. முகப்பு வானத்தைப் பார்க்க, பின்பக்கம் அமிழ்ந்து, முழுத் திராட்டிலில் 12 கிலோமீட்டரில் தவழும் படகைவிடப் பெட்ரோலைப் பாழாக்குவது வேறொன்றில்லை.

ஆகவே அளந்து பாருங்கள். வழக்கமாக ஏற்றும் பாரம் முழுவதும் படகில் இருக்க வேண்டும். ஆட்களும் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார வேண்டும். தண்ணீர் அமைதியாக இருக்கும் நேரத்தில் காற்றுக்கு எதிராக ஒரு முறை, காற்றோடு ஒரு முறை முழுத் திராட்டிலில் சிறிது தூரம் ஓட்டிச் சுற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகத்துக்குக் கைப்பேசியின் ஜி.பி.எஸ். போதும். டேக்கோமீட்டரில் இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கா, ஒரு சுற்றுக்கு எத்தனை தீப்பொறி என்று சரியாக அமைக்காவிட்டால் பாதியையோ இரட்டிப்பையோ காட்டும், அதைக் கவனியுங்கள். கையேட்டில் உள்ள எல்லையின் நடுப்பகுதியையாவது பாரத்தோடு முள் தொட வேண்டும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் எல்லை 4500 முதல் 5500 வரை இருக்கும். அடுத்தவர் எஞ்சினின் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் பிட்ச்சைக் குறைப்பதற்கு முன்னால் வேறு சிலவற்றையும் பார்த்துவிட வேண்டும். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் படிந்திருந்தால் அதுவே ஒரு பாரம். சுரண்டினாலே சில நூறு சுற்றுகள் திரும்பி வரும். இதற்கு நேர்மாறானது, சுற்று சட்டென்று ஏறுகிறது, படகு மட்டும் நகரவில்லை என்ற நிலை. விசிறியின் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து வழுக்குகிறதா என்று சந்தேகப்படுங்கள். உள்குழலையும் வெளிக்குடத்தையும் சேர்த்து ஒரே கோடாகப் பெயிண்ட் தடவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. கோடு விலகவில்லை என்றால் பெரும்பாலும் விசிறி மேலிருந்து காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். விசிறிக்கு மேலே கிடைமட்டமாக இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். எஞ்சின் அதைவிட உயரமாக நின்றால் எந்த விசிறியும் உதவாது.

நான்கு இதழ் விசிறி பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். சுமைப் படகுக்கு அது நல்லதுதான். தண்ணீரைப் பிடிப்பது கூடும், திரும்பும்போதும் அலையில் ஏறி இறங்கும்போதும் பிடி விடாது. நான்காவது இதழும் எஞ்சினுக்குப் பாரம் என்பதால், மூன்று இதழில் இருந்த பிட்ச்சிலிருந்து ஓர் அங்குலம் குறைத்து வாங்குங்கள். இதழின் ஓரம் உள்பக்கம் மடிந்த 'கப்' வைத்த விசிறிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். துருப்பிடிக்காத எஃகு விசிறி வளையாமல் திறமாகத் தள்ளும். பாறை தட்டுப்படும் இடங்களில் மட்டும் நான் அலுமினியத்தையே சொல்வேன். இதழ் வளைந்தாலும் சேதம் விசிறியோடு போகும். எஃகு விட்டுக்கொடுக்காததால் அடி கியர்ப் பெட்டிக்குப் போக வாய்ப்பு உண்டு.

எந்த விசிறி போட்டாலும் எழும்பாத படகுகள் உண்டு. அவற்றின் கணக்கே வேறு. தண்ணீரைத் தொடும் நீளம் 16 அடி என்றால் அதன் வர்க்கமூலமான 4இன் 1.34 மடங்கு, அதாவது சுமார் 5.4 நாட் (கடல்மைல் வேகம்), மணிக்கு 10 கிலோமீட்டர். அதுதான் அந்தப் படகின் இயல்பான வேகம். அதற்கு மேல் திராட்டிலைத் திருகத் திருக அலை பெரிதாகுமே தவிர வேகம் கூடாது. இத்தகைய படகுக்கு, தட்டுக்கும் விசிறிக்கும் இடையில் இடம் இருக்கும் அளவுக்குப் பெரிய விட்டமும் மிகக் குறைந்த பிட்ச்சும் வேண்டும். கியர் விகிதம் 2.9 போன்று கூடுதலாக உள்ள, உந்துவிசைக்கென்றே செய்த எஞ்சின்கள் கிடைக்கின்றன. பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவதற்காகவே அமைந்தவை. பாரம் இழுப்பதில் அவற்றின் 9.9 குதிரைத்திறன், சாதாரண 15ஐ வெட்கப்பட வைக்கும்.

குறைந்த பிட்ச் விசிறியோடு படகைக் காலியாக ஓட்டும்போது சுற்று எல்லையைத் தாண்டப் பார்க்கும். கையைச் சற்று இறக்கிக்கொள்ள வேண்டும். போகும்போது பாரம், வரும்போது காலி என்பவர்கள் இரண்டு விசிறி வைத்துக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன், எஞ்சின் தற்செயலாகக் கிளம்பாதபடி, அதை அணைக்கும் நிறுத்துவிசையின் கயிற்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்டில் கிரீஸ் தடவுங்கள், விசிறிக்கு முன்னால் தண்டில் இருக்கும் உந்துவளையத்தைத் திருப்பிப் போடாதீர்கள், நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னைப் புதிதாகவே போடுங்கள். கழற்றிய கையோடு தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்தால் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால்போல வெளுத்துவிடும்.

பிட்ச் குறைத்ததும் படகு இலகுவாகக் கிளம்புவதைப் பார்த்து இன்னும் இரண்டு மூட்டை ஏற்றலாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். படகின் மிதப்புத்திறன் விசிறியால் ஓர் இம்மிகூடக் கூடுவதில்லை. தயாரிப்பாளர் குறித்த பார எல்லை அப்படியேதான் இருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எஞ்சின் பற்றிய கட்டுரைகள் வெளியிடும்போது குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் முழுத் திராட்டில் சுற்று எல்லை, கியர் விகிதம், உடன் வரும் விசிறியின் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். மூன்றுமே எஞ்சினின் கையேட்டிலேயே இருப்பவை.

இப்படிக்கு,
வெளிப்பொருத்து எஞ்சின் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்