டிவியில் எழுத்து மங்குவதற்கு டிவி காரணமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் பெரிய டிவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பாடம் நடத்தும் இடங்கள் இப்போது நிறைய. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள் ஊருக்கு வரும்போது நல்ல மனதோடு டிவி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மாட்ட வருகிறவரோ படம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார். எழுத்து தெரிகிறதா என்று பின்வரிசையில் உட்கார்ந்து யாரும் பார்ப்பதில்லை.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி தன் வீட்டுக் கூடமான பட்டாலையை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக மாலை நேரத்தில் திறந்து விடுகிறார். அங்கே நான் தமிழ் இலக்கணம் நடத்துகிறேன். நன்கொடையாக வந்த டிவியில் கம்ப்யூட்டரை இணைத்த நாளிலிருந்து எழுத்தெல்லாம் கசிந்தாற்போல் இருந்தது. மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோய் ‘க்’ எது, ‘க’ எது என்று பின்னால் இருந்த பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். திரையின் கீழ் ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. மாட்டியவரைக் கூப்பிட்டுக் கேட்டால், “டிவின்னா அப்படித்தான் டீச்சர், மானிட்டர் மாதிரி வராது” என்றார். ஆச்சி கேட்டதுதான் சரியான கேள்வி: “படம் பளிச்சுன்னு இருக்கே, எழுத்து மட்டும் ஏன் மங்குது?”

அதற்குப் பதில் டிவியின் செட்டிங்கில் இருக்கிறது. பழைய குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரங்கள் ஒழுங்காக இராது. அதனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். தட்டைத் திரை வந்த பிறகு அது தேவையில்லை. ஆனாலும் பல டிவிகளில் அது இன்னும் ஆன் ஆகியே இருக்கிறது. திரைப் படம் பிக்சல் என்ற சிறு புள்ளிகளால் ஆனது. கம்ப்யூட்டர் 1920-க்கு 1080 புள்ளிகளை அனுப்ப, டிவி அதை இழுத்துப் பெரிதாக்கிவிட்டு, மிஞ்சிய ஓரத்தை வெட்டுகிறது. கம்ப்யூட்டரின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் உட்காராமல் இரண்டில் பரவுகிறது. முகமோ மரமோ என்றால் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய கோடுகளால் ஆன எழுத்தில்தான் உடனே தெரியும்.

ரிமோட்டில் படத்தின் அளவு என்ற பகுதிக்குப் போய் இதை நிறுத்திவிடலாம். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’, சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்பது போன்ற பெயரில் இருக்கும். அப்புறம், கம்ப்யூட்டரைச் செருகிய எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் மாற்றிப் பாருங்கள். வெறும் பெயர்தானே என்று தோன்றும், ஆனால் பலன் உண்டு. சினிமா பார்க்கப் போதும் என்று பல டிவிகள் வண்ணத் தகவலை அக்கம்பக்கப் புள்ளிகளுக்குப் பொதுவாக்கிவிடும். சிவப்பு எழுத்து கசிந்தாற்போல் தெரிவது அதனால்தான். சாம்சங், எல்ஜி டிவிகள் பலவற்றில் ‘பிசி’ என்று மாற்றினால் அது நின்றுவிடும். ‘ஷார்ப்னெஸ்’ அதிகமாக இருந்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழும், அதையும் குறைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் டிவி திரைக்கு உரிய அதே புள்ளி அளவை (ரெசல்யூஷன்) தேர்ந்தெடுத்து, எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால் ‘ஸ்கேல்’ என்பதை 150 சதவீதம் ஆக்கலாம். எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று புள்ளி அளவைக் குறைத்தால் மறுபடியும் மங்கும்.

எங்கள் பட்டாலையில் இதையெல்லாம் செய்த பிறகு பிள்ளைகள் தூணோரம் உட்கார்ந்தே படிக்கிறார்கள். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியவையும் உண்டு. 32 அங்குல டிவிகள் பலவற்றின் திரை 1366-க்கு 768 புள்ளிகள்தான். பாடம் நடத்த அது போதாது. 1920-க்கு 1080 என்று கேட்டு வாங்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று முனை வயரில் எழுத்துத் தெளிவாக வரவே வராது. 1987-இல் வந்த விஜிஏ வயர் அவசரத்துக்கு உதவும், ஆனால் அதில் ஒலி போகாது. 4கே டிவியில் மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தால், பழைய எச்டிஎம்ஐ 1.4 முனை நொடிக்கு 30 முறைதான் 4கே படத்தை அனுப்பும் என்பது காரணமாக இருக்கலாம். 60 முறைக்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். நம் வீடுகளின் கனத்த சுவருக்கு வைஃபையில் படம் அனுப்புவதை நம்ப முடியாது. அது ஒழுங்காகப் போனாலும் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் எழுத்து அடிபடும். வீட்டு முகப்பிலிருந்து உள்ளே இருக்கும் வளவுக்கு நீளமான வயரை இழுப்பதைவிட, கம்ப்யூட்டரை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுவருவது நல்லது.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இது. பாடம் நடத்துகிற இடத்துக்கு டிவி மாட்டப் போனால், நோட்பேடில் ‘க் ங் ச் ஞ்’ என்று சிறிய எழுத்தில் அடித்து, கடைசி வரிசைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். நான்கு ஓரமும் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பணம் கொடுக்கிற அன்பர்களும் இந்தச் சோதனை முடிந்த பிறகே பில்லுக்குப் பணம் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
பள்ளத்தூர்.