அந்த அம்மாக்களை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இளையோர் நாவல்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பதின்வயதுப் பெண்களைப் பற்றிய அமெரிக்க நாவல்களை நம் வாசகர்களுக்குச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அவற்றில் வரும் அம்மாக்களை எல்லாம் 'கண்டிப்பான தாய்', 'பழமைவாதி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதிக் கதை அந்த அம்மாக்களிடம்தான் இருக்கிறது.

எலிசபெத் அசெவெடோவின் 'தி பொயட் எக்ஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் வெளிவந்து, அந்த ஆண்டே இளையோர் இலக்கியத்துக்கான அமெரிக்க தேசியப் புத்தக விருதையும், மறு ஆண்டு பிரிட்டனின் கார்னகி பதக்கத்தையும் பெற்றது. முழுக்கக் கவிதையாகவே எழுதப்பட்டது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளரும் 15 வயது சியோமாராவின் பெற்றோர் டொமினிகன் குடியரசிலிருந்து வந்தவர்கள். அம்மாவுக்குத் தேவாலயமும் ஜெபமும்தான் எல்லாம். மகள் ஒளித்து வைத்து எழுதும் கவிதை நோட்டு ஒருநாள் கையில் சிக்குகிறது. கொளுத்திவிடுகிறார். நோட்டு எரிய எரிய, மகள் தன் கவிதைகளை மனப்பாடமாகக் கத்திச் சொல்கிறாள். அம்மாவும் விடாமல் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆளுக்கு ஆள் தன் உயிராக நினைக்கும் வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மகளின் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும். இந்த அம்மா சின்ன வயதில் கன்னியாஸ்திரீ ஆக ஆசைப்பட்டவர். அமெரிக்கா போக வழி கிடைக்கும் என்று வீட்டில்தான் கல்யாணம் செய்துவைத்தார்கள். நாவல் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கட்டுரையாளர் அங்கே கொஞ்சம் நின்றிருக்கலாம்.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்கு இந்த நாவலின் முடிவு பிடிக்கவில்லை. பாதிரியார் முன்னால் உட்கார்ந்து அம்மாவும் மகளும் பேசிவிட்டால் எரிந்த நோட்டு திரும்பி வந்துவிடுமா என்று கேட்டாள். வராதுதான். அம்மா பட்ட பாடு தெரிந்துவிட்டது என்பதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனாலும் இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கத் துணிந்ததற்காகவே எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது.

2017இல் வந்த எரிகா சான்செஸின் 'ஐ ஆம் நாட் யுவர் பர்ஃபெக்ட் மெக்சிகன் டாட்டர்' இதைவிடக் கசப்பானது. சிகாகோவில் வீடுகளைச் சுத்தம் செய்து பிழைக்கும் அம்மா. சொன்ன பேச்சைக் கேட்கும் மூத்த மகள் ஓல்கா லாரியில் அடிபட்டு இறந்துவிட, எதிர்த்துப் பேசும் ஹூலியா மிஞ்சுகிறாள். பெண்ணுக்கு 15 வயது நிறைந்ததைக் கொண்டாடும் விழாவை, ஹூலியா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், அம்மா கடன்பட்டவர் போல நடத்தியே தீர்கிறார். ஓல்காவுக்கு அதைச் செய்ய முடியாமல் போன ஏக்கம் அது. எல்லை தாண்டி அமெரிக்கா வந்தபோது அம்மாவுக்கு நேர்ந்த கொடுமையும் மகளுக்கு வெகு தாமதமாக, மெக்சிகோவில் உறவுக்காரர் சொல்லித்தான் தெரிகிறது. அம்மா தன் வாயால் சொல்வதே இல்லை.

இரண்டு நாவல்களிலும் மகள்தான் 'நான்' என்று கதை சொல்கிறாள். கோபத்தில் இருக்கும் 15 வயதுப் பெண்ணின் கண்ணுக்கு அம்மா அப்படித்தான் தெரிவார். அவள் கவனிக்காததையும் நாம் கவனிக்கும்படி எழுதுவதுதான் கஷ்டம். இந்த இருவருக்கும் அது கைவந்திருக்கிறது. அதைத்தான் மதிப்புரை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமனைக் கட்டுரை விட்டுவிட்டது. அவருடைய 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019) இன்னும் சற்று இளையவர்களுக்கானது. அடிக்கிற அப்பா, அவர் திருந்துவார் என்று ஒவ்வொரு முறையும் நம்பும் அம்மா. அம்மா அந்த வீட்டை விட்டு வரமாட்டார் என்று புரிந்ததும், விஜி தன் அக்கா ருக்குவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அந்த அம்மாவை மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை.

தமிழில் சிறுவர் கதைகளைத் தாண்டினால் அடுத்து நேராகப் பெரியவர்களின் நாவல்தான் என்ற நிலைதான் பெரும்பாலும் இருக்கிறது. இடைப்பட்ட வயதினர் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அதனால் ஒரு வேண்டுகோள். இத்தகைய நாவல்களுக்கு அந்த வயதுப் பிள்ளைகளையே மதிப்புரை எழுதச் சொல்லுங்கள். அதே புத்தகத்தை அவர்களுடைய அம்மாவும் படித்து எழுதட்டும். இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் போடுங்கள். கருத்து ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். என் மகள் எழுதத் தயாராக இருக்கிறாள், நானும்தான். எத்தனை பக்கத்துக்குள் எழுத வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி